ஸ்விட்சிங் டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிச் சூட்டைக் குறைப்பது எப்படி

தருமபுரியில் சப்மெர்சிபிள் மோட்டார் ரீவைண்டிங் செய்கிற எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு பாடத்தை இலவசமாகவே சொல்லிக் கொடுப்பார்கள்: இடம் இருக்கிற வரைக்கும் தடிமனான கம்பியைப் போடு, சூடு குறையும். ஐம்பது ஹெர்ட்ஸில் ஓடுகிற மோட்டாருக்கு இது முழுக்கச் சரி. இப்போது அதே பட்டறைகளுக்கு மின்சார ஸ்கூட்டர் சார்ஜர், வெல்டிங் இன்வர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் வருகின்றன. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்தபிறகு, சின்னதாக சார்ஜரும் கன்வர்ட்டரும் தாங்களே செய்து பார்க்கிற பையன்களும் இந்தப் பக்கம் பெருகிவிட்டார்கள். இந்தச் சாதனங்களுக்குள் இருக்கிற ஸ்விட்சிங் டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது ஃபெரைட் கோர் (கம்பிச் சுருளுக்குள் நிற்கிற காந்தப்பொருள்), ஓடுவது 50 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் பழக்கத்தில் தடிக் கம்பியை நாலு லேயர் ஏற்றினால், கணக்குப்படி 40 மில்லி ஓம் இருக்க வேண்டிய வைண்டிங் 400 மில்லி ஓம் போல நடந்துகொள்ளும். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் மல்டிமீட்டர் பார்ப்பது டிசி மின்தடையை மட்டும்.

இந்தச் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "எந்த கேஜ் கம்பி அண்ணா போடணும்?" என்றுதான். என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் லேயர்களின் வரிசை, அடுத்து ஏர் கேப் (கோரில் வேண்டுமென்றே விடுகிற இடைவெளி), அதற்கப்புறம்தான் கம்பி. ஏன் என்று சொல்கிறேன், கணக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

கம்பிக்குள் நடப்பது

ஸ்கின் எஃபெக்ட் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். எவ்வளவு ஆழம் வரை ஓடுகிறது என்பதற்கு ஸ்கின் டெப்த் என்று பெயர். செம்புக்கு 50 ஹெர்ட்ஸில் இது 9 மி.மீ.க்கு மேல், அதனால்தான் மோட்டார்க்காரர்களுக்கு இதைப் பற்றிய கவலையே இல்லை. 100 கிலோஹெர்ட்ஸில், 20 டிகிரி சூட்டில், 0.21 மி.மீ.தான். ஓடிக்கொண்டிருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் செம்பு 100 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 0.24 மி.மீ. மனதில் வைக்க எளிய வழி: 76-ஐ அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 100 டிகிரி செம்பின் ஸ்கின் டெப்த் மி.மீ. கணக்கில் வரும். அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் போட வேண்டும், கிலோஹெர்ட்ஸில் அல்ல.

ஆனால் பெரிய திருடன் ஸ்கின் எஃபெக்ட் இல்லை. பக்கத்து லேயரின் காந்தப்புலம் இந்த லேயரின் கம்பியைத் துளைத்துக்கொண்டு போகும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறதே, அதுதான். ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்பார்கள். இது எவ்வளவு கொடுமையானது என்பதைப் பார்க்க ஃபார்முலாவே வேண்டாம். தடிக் கம்பியில் நாலு லேயர் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் 5 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். முதல் லேயரின் வெளிப்பக்கத்தில் 5 ஆம்பியர் ஓடுகிறது, அவ்வளவுதான். அது உண்டாக்கிய புலம் இரண்டாவது லேயரின் உள்பக்கத்தைத் தொடும்போது, அதைத் தடுக்க அங்கே எதிர்த்திசையில் 5 ஆம்பியர் கிளம்பும். ஆனால் அந்தக் கம்பியில் மொத்தமாக 5 ஆம்பியர்தானே போக வேண்டும்? அப்படியானால் வெளிப்பக்கத்தில் 10 ஓட வேண்டும். மூன்றாவது லேயரில் உள்ளே எதிர்த்திசையில் 10, வெளியே 15. நாலாவதில் உள்ளே 15, வெளியே 20. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்பதால், முதல் லேயரின் சூட்டை 1 என்று வைத்தால் இரண்டாவது 5, மூன்றாவது 13, நாலாவது 25. மொத்தம் 44. நாலு லேயர் இருக்கிறதே, 4 தானே வர வேண்டும் என்று நினைத்த இடத்தில் 44.

இதையே முறையாகக் கணக்குப் போட்டு 1966-இல் டவெல் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் டிசைன் மென்பொருள் பலவற்றுக்குள் ஓடுவது அந்தச் சமன்பாடுதான்.

முதல் வேலை: சாண்ட்விச்

மேலே சொன்ன நாலு லேயரை ப்ரைமரி, அதாவது மின்சாரம் உள்ளே வருகிற வைண்டிங், என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை வெளியே கொடுக்கிற வைண்டிங் செகண்டரி. இரண்டு லேயர் ப்ரைமரி சுற்றி, அதன்மேல் செகண்டரி முழுவதையும் சுற்றி, அதற்குமேல் மீதி இரண்டு லேயர் ப்ரைமரியைச் சுற்றினால் என்ன ஆகும்? ப்ரைமரியும் செகண்டரியும் எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் கொண்டவை, ஆகவே புலம் ஏறிக்கொண்டே போகாமல் நடுவில் இறங்கிவிடும். ஒவ்வொரு பாதிக்கும் 1 கூட்டல் 5, ஆக 6. இரண்டு பாதிக்கும் சேர்த்து 12. அதே கம்பி, அதே கோர், அதே சுற்று எண்ணிக்கை, ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் 44 என்பது 12 ஆகிவிட்டது. நடுவில் உட்கார்ந்திருக்கிற செகண்டரிக்கும் இதே லாபம் உண்டு, ஏனென்றால் அதன் நடுப்பகுதியில் புலம் பூஜ்யமாகிவிடும். மெல்லிய கம்பி போட்டிருந்தாலும் கணக்கு ஏறக்குறைய அதேதான்: புலத்தின் உச்சம் பாதியானால் அதனால் வருகிற சுழல் மின்னோட்டச் சூடு கால் பங்காகும்.

இன்னும் பிரித்துக்கொண்டே போகலாமா? போகலாம், ஆனால் ஒரு சாண்ட்விச்சுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ப்ரைமரியும் செகண்டரியும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் பாதுகாப்பு இன்சுலேஷன் முழுசாக வர வேண்டும். மைலார் டேப் மூன்று சுற்று, அல்லது மூன்றடுக்கு இன்சுலேஷன் கொண்ட கம்பி. 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி, அதைக் கையில் பிடிக்கிற சார்ஜர் பக்கம் விடக் கூடாது என்பதால் இதில் சமரசமே கிடையாது. டேப் ஏற ஏற இடம் போகும், இரண்டு வைண்டிங்குக்கும் இடையிலுள்ள கப்பாசிட்டன்ஸ் ஏறும், அதன் வழியே மின் இரைச்சல் எல்லாம் வெளியே போய் ரேடியோ இரைச்சல் சோதனையில் மாட்டும். எனவே ஒரு சாண்ட்விச், அதோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

இரண்டு இடத்தில் இது முழுசாக வேலை செய்யாது. ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரில் ப்ரைமரி ஓடும்போது செகண்டரி சும்மா இருக்கும், அது ஓடும்போது இது சும்மா இருக்கும். ஒன்றை ஒன்று ரத்து செய்ய ஆளில்லை. சாண்ட்விச்சால் லீக்கேஜ் (இரண்டு வைண்டிங்கையும் இணைக்காமல் நழுவிப்போகிற புலம்) குறையும், சூடு அந்த அளவுக்குக் குறையாது. எல்எல்சி என்ற ரெசனன்ஸ் வகை கன்வர்ட்டரில் லீக்கேஜையே ரெசனன்ஸ் இண்டக்டராகப் பயன்படுத்துவதற்காக ப்ரைமரியை ஒரு பக்கமும் செகண்டரியை இன்னொரு பக்கமும் தனித்தனி அறையாகச் சுற்றுவார்கள். அங்கே புலம் வேண்டுமென்றே பலமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மாதிரி டிசைனில் நல்ல லிட்ஸ் கம்பியை (தனித்தனியாக எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பி) விட்டால் வழியில்லை, செலவுக்குத் தயாராக இருங்கள்.

சாண்ட்விச் போட்டாயிற்று என்றால் அடுத்து அகலத்தைப் பாருங்கள். பாபினின் (கம்பியைச் சுற்றுகிற பிளாஸ்டிக் கூடு) முழு அகலத்துக்கும் ப்ரைமரி பரவியிருக்க, நாலே சுற்றுள்ள செகண்டரியை ஒரு மூலையில் நெருக்கிச் சுற்றிவிட்டால் சாண்ட்விச்சின் லாபம் பாதி போய்விடும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரே, ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். நாலு சுற்றுதான் இருக்கிறது என்றால் இடைவெளி விட்டுப் பரப்புங்கள், அல்லது செம்புத் தகடு போடுங்கள், அல்லது நாலைந்து கம்பிகளை இணையாக ஒரே லேயரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றுங்கள். ஒரே லேயரில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இணையாகப் போடுகிற கம்பிகளை ஒன்று கீழ் லேயரிலும் ஒன்று மேல் லேயரிலும் வைத்து இரண்டு முனையையும் சேர்த்து சால்டர் அடித்தால், இரண்டும் மின்னோட்டத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது. புலம் பலமாக இருக்கிற பக்கத்துக் கம்பி பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், சில நேரம் மற்றதில் தலைகீழாகவே ஓடும்.

சென்டர் டேப் ரெக்டிஃபையர், அதாவது செகண்டரியின் நடுவில் ஒரு முனை எடுத்து இரண்டு பாதியையும் மாற்றி மாற்றி ஓட்டுவது, போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பாதி செகண்டரி ஓடும்போது மறு பாதி சும்மா இருக்கிறது என்று நினைக்கிறோம். அதில் லோடு மின்னோட்டம்தான் இல்லை, புலத்துக்குள் அது உட்கார்ந்துதான் இருக்கிறது, ஆகவே சுழல் மின்னோட்டம் அதற்குள்ளும் ஓடி அதையும் சூடாக்கும். ஷீல்டுக்காகப் போடுகிற செம்புத் தகட்டுக்கும் இதே கதி. ஷீல்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. ஸ்கின் டெப்த்தில் கால் பங்குகூட வேண்டாம்.

கேப் இருக்கிற இடத்தில் கம்பி வேண்டாம்

இது இண்டக்டருக்கும் (கோரில் சுற்றிய தனிச் சுருள்) ஃப்ளைபேக்குக்கும். கோரில் ஏர் கேப் விட்டால் அந்த இடத்தில் காந்தப்புலம் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், பக்கத்தில் எந்தச் செம்பு இருந்தாலும் அதைச் சுடும். வைண்டிங் முழுக்க 70 டிகிரி இருக்க, கேப்புக்கு நேரே ஒரு வளையம் மட்டும் கருகியிருப்பதைப் பழுதுக்கு வருகிற சார்ஜர்களில் அடிக்கடி பார்க்கலாம். கம்பி கெட்ட கம்பி என்று அர்த்தமில்லை, கம்பி நிற்கிற இடம் கெட்ட இடம்.

செய்ய வேண்டியது எளிது. கேப் 1 மி.மீ. என்றால் கம்பியைக் கேப்பிலிருந்து 2 முதல் 3 மி.மீ. தள்ளி வையுங்கள். பாபின்மேல் நடுப்பகுதியில் டேப்பை மொத்தமாகச் சுற்றி ஒரு மேடு எழுப்பிக்கொண்டு அதன்மேல் சுற்றலாம், அல்லது நடுவில் அந்த அளவுக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் சுற்றலாம். இடம் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், அந்த இடத்தில் இருந்த செம்பு உதவியதைவிடக் கெடுத்ததுதான் அதிகம். செம்புத் தகட்டில் சுற்றிய இண்டக்டருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கேப்பிலிருந்து வருகிற புலம் தகட்டின் முகத்தில் நேராக மோதுகிறது. தகடும் கேப்பும் ஒன்றுக்கொன்று ஆகாது.

இன்னொரு வழி, ஒரு பெரிய கேப்பைச் சின்னச் சின்ன கேப்புகளாகப் பிரிப்பது. 1.5 மி.மீ. ஒன்றுக்குப் பதிலாக 0.5 மி.மீ. மூன்று. ஒவ்வொன்றின் பிதுக்கமும் சிறிய தூரத்திலேயே அடங்கிவிடும். கேப்புக்குக் கேப் இருக்கிற தூரத்தில் கால் பங்காவது கம்பி தள்ளி இருந்தால், கம்பியின் பார்வையில் கேப்பே இல்லாத மாதிரி ஆகிவிடும். பவுடர் கோர் டொராய்டில் (பொடியை அழுத்திச் செய்த வளையக் கோர்) கேப் பொருளுக்குள்ளேயே பொடிப்பொடியாகப் பரவி இருப்பதால் இந்தத் தலைவலியே இல்லை. கோர் லாஸ், அதாவது கோரிலேயே வருகிற சூடு, கொஞ்சம் கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொராய்டில் சுற்றும்போது முடிந்தவரை ஒரே லேயரில் முடியுங்கள். உள்வட்டத்தில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அங்கேதான் சூடு.

ஒரு விஷயம், எல்லா இண்டக்டருக்கும் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது) இண்டக்டரில் 10 ஆம்பியர் டிசி, அதன்மேல் உச்சிக்கு உச்சி 2 ஆம்பியர் ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், என்றால், ஏசி பங்கின் ஆர்எம்எஸ் (சூட்டுக் கணக்குக்கு எடுக்கிற அளவு) 0.6 ஆம்பியருக்குக் கீழே. சூட்டின் கணக்கு வர்க்கத்தில் போவதால், ஏசி மின்தடை டிசியைப்போல முப்பது மடங்கு இருந்தால்கூட மொத்தச் சூட்டில் பத்து சதவீதத்தைத்தான் தொடும். அங்கே தடிக் கம்பிதான் சரி, மோட்டார்க்காரர் சொன்னதே சரி. மின்னோட்டம் பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுகிற பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிற பகுதி) இண்டக்டர், ஃப்ளைபேக் இவற்றில்தான் ஏசி பங்கு பெரிது.

இனி கம்பி

"ஸ்கின் டெப்த்தைப்போல இரண்டு மடங்கு விட்டம் வரைக்கும் கம்பி போடலாம்" என்று ஒரு விதி ஊரெங்கும் உலவுகிறது. ஒரே லேயர் என்றால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். பல லேயருக்கு அதை நம்பினால் அவ்வளவுதான். 100 கிலோஹெர்ட்ஸில் 0.48 மி.மீ. தகட்டை, முழு அகலத்துக்கு, சாண்ட்விச் இல்லாமல் பத்து லேயர் சுற்றினால், டவெல் கணக்குப்படி ஏசி மின்தடை டிசியைப்போல நூறு மடங்குக்கு மேல் போகும். அதே இடத்தில் 0.1 மி.மீ. தகடு போட்டால் செம்பு ஐந்தில் ஒரு பங்குதான், டிசி மின்தடை ஐந்து மடங்கு, ஆனால் மொத்தச் சூடு பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே. லேயர் கூடக் கூட சரியான தடிமன் குறைந்துகொண்டே போகும்: 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டு லேயருக்கு 0.23 மி.மீ., நாலுக்கு 0.16, பத்துக்கு 0.10. இந்தத் தடிமன்களில் ஏசி மின்தடை டிசியைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக இருக்கும். தகட்டுக்கு அதுதான் சரியான புள்ளி. ஏசி மின்தடையை டிசிக்குச் சமமாக்கியே தீருவேன் என்று இன்னும் மெல்லிசாக்கினால் டிசி மின்தடை ஏறி மொத்தம் கெட்டுவிடும்.

வட்டக் கம்பி, லிட்ஸ் கம்பி இவற்றுக்குக் கையாலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. இழையின் விட்டம் ஸ்கின் டெப்த்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டாத வரை நம்பலாம். பை, இழைகளின் எண்ணிக்கை, சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி வர்க்கப்படுத்துங்கள். அதை இழை விட்டத்தின் ஆறாம் அடுக்கால் பெருக்குங்கள். இது மேலே. கீழே 192, ஸ்கின் டெப்த்தின் நாலாம் அடுக்கு, பாபினில் கம்பி நிற்கிற அகலத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி வையுங்கள். மேலதைக் கீழதால் வகுத்து 1 கூட்டினால், ஏசி மின்தடை டிசியைப்போல எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். எல்லா நீளமும் மி.மீ. கணக்கில்.

போட்டுப் பார்ப்போம். இ.டி.டி. 39 கோர், அகலம் 25 மி.மீ., ப்ரைமரி 20 சுற்று, 100 கிலோஹெர்ட்ஸ், 5 ஆம்பியர் ஆர்எம்எஸ். 19 கேஜ் கம்பி ஒன்று, அதாவது ஏறக்குறைய 1 மி.மீ., ஒரே லேயரில் நிற்கும். 100 டிகிரியில் டிசி மின்தடை சுமார் 40 மில்லி ஓம், டிசி கணக்கில் 1 வாட் சூடு. ஆனால் தடிக் கம்பிக்கான டவெல் கணக்கில் மடங்கு 3.1 வருகிறது. ஒரே லேயருக்கே 3.1 வாட். அதே செம்பு அளவை 0.3 மி.மீ. இழை 11 ஆகப் பிரித்தால் மடங்கு 1.87. 0.2 மி.மீ. இழை 25 என்றால் 1.4. 0.1 மி.மீ. இழை 100 என்றால் 1.1. இப்போது இதைப் பாருங்கள்: 0.2 இழை 25 போட்டு, ப்ரைமரியைப் பத்து பத்தாகப் பிரித்து சாண்ட்விச் செய்தால், அந்த 0.4 கூடுதல் கால் பங்காகி, மடங்கு 1.1 ஆகிவிடுகிறது. விலை கூடிய 100 இழை லிட்ஸ் தருகிற பலனை, 36 கேஜ் (ஏறக்குறைய 0.2 மி.மீ.) கம்பியை வைத்தே எடுத்துவிடலாம். வரிசைதான் முதலில் என்று நான் அடம்பிடிப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இன்னொன்று, லிட்ஸ் கம்பி ஊதும். 0.1 மி.மீ. இழை 100 சேர்ந்தால் எனாமலும் காற்றும் சேர்ந்து 1.3 மி.மீ.க்கு மேல் போய்விடும். 20 சுற்று 25 மி.மீ.யில் ஒரே லேயராக நிற்காது. மேலே சொன்ன கணக்கில் லேயர் எண்ணிக்கை வரவில்லை என்பதால் அது இரண்டு லேயரானாலும் மடங்கு ஏறக்குறைய மாறாது. பாபினில் அடங்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கெல்லாம் சைன் அலைக்கு. முக்கோண அலையாக இருந்தால் அதிர்வெண்ணை 1.1 மடங்காகப் போட்டுக்கொண்டால் போதும். முனைகள் செங்குத்தாக எழுந்து விழுகிற சதுர அலைக்கு ஹார்மோனிக் அதிகம், கணக்கில் வருவதைவிடச் சூடு கூடுதலாகத்தான் இருக்கும், ஒரு கேஜ் மெல்லிசாகவே எடுங்கள்.

லிட்ஸ் வாங்க ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தான், தருமபுரிக்காரர்களுக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட அதுதான் கிட்டம். பழைய இண்டக்ஷன் அடுப்பின் சுருளிலும் லிட்ஸ்தான் இருக்கிறது, காயலான் கடையில் கிடைக்கும். ஆனால் அது இருபது சொச்சம் கிலோஹெர்ட்ஸுக்காகப் போட்ட தடி இழை, சிலவற்றில் அலுமினியம்கூட. 100 கிலோஹெர்ட்ஸுக்கு அதை நம்ப வேண்டாம்.

கையாலேயே முறுக்கிக்கொள்ளவும் செய்யலாம். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை டிரில்லிங் மெஷினில் பிடித்து மெதுவாக முறுக்குவது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு இழையையும் மொத்தமாகப் பிடித்து ஒரே முறுக்கு முறுக்கினால், நடு இழை நடுவிலேயே கிடக்கும், வெளி இழை வெளியிலேயே கிடக்கும், கத்தை முழுக்க ஒரு தடிக் கம்பி மாதிரி ஸ்கின் எஃபெக்ட் காட்டும். ஒரே முறுக்கில் எத்தனை இழை வரை போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு: ஸ்கின் டெப்த்தை இழை விட்டத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நாலால் பெருக்குங்கள். 0.24-க்கும் 0.1-க்கும் 23 வருகிறது. ஆகவே 42 கேஜில் (ஏறக்குறைய 0.1 மி.மீ.) முதலில் 20 இழையை முறுக்கி, அப்படி ஐந்து முறுக்கைச் சேர்த்து மறுபடி முறுக்கினால் 100. இரண்டாம் கட்டத்தில் ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். முறுக்கவே முறுக்காமல் இழைகளைச் சும்மா நீளவாக்கில் சேர்த்துச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முனையில் எல்லாம் ஒன்றாக சால்டர் ஆவதால் இழைக்கு இழை சுழல் மின்னோட்டம் வட்டமடிக்கும், பிரித்ததன் பலன் பெரும்பகுதி போய்விடும்.

முனையை சால்டர் செய்வதில்தான் பல நல்ல வைண்டிங்குகள் வீணாகின்றன. நூறு இழையில் முப்பது சால்டர் பிடிக்காமல் போனால் முப்பது சதவீதம் செம்பு இல்லாத மாதிரி. பாலியூரிதேன் எனாமல் போட்ட இழை என்றால் 400 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இருக்கிற, சால்டர் உருகிக் கிடக்கிற சின்னப் பாத்திரத்தில் முக்கினால் எனாமல் தானே எரிந்து ஈயம் பிடித்துக்கொள்ளும். அதிகச் சூடு தாங்குகிற பாலிஅமைட்-இமைடு மேல்பூச்சு உள்ள கம்பி அப்படிப் பிடிக்காது, சுரண்ட வேண்டும், 0.1 மி.மீ. இழையைச் சுரண்டுவது நடக்கிற காரியமில்லை. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கி எடுத்தபின் முனையை நறுக்கி, வெட்டு முகத்தை லென்ஸில் பார்த்தால் எல்லா இழையும் வெள்ளியாக நனைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாபின் பின்னுக்குப் போகிற வழியில் கம்பி கேப்புக்குப் பக்கமாக வளைந்து போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசிபியிலேயே (சர்க்யூட் போர்டு) வைண்டிங் போடுகிறவர்களுக்கு 70 மைக்ரான், 105 மைக்ரான் செம்புதான் கிடைக்கிறது, 100 கிலோஹெர்ட்ஸுக்கு அது மெல்லிசுதான், ஆகவே லேயரை ப்ரைமரி, செகண்டரி என்று மாற்றி மாற்றி அடுக்கினாலே வேலை முடிந்தது. பிசிபியில் மாட்டுவது கேப்தான். அகலமான செம்புப் பட்டை நேராகக் கேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அளந்து பார்ப்பது

டிரான்ஸ்ஃபார்மருக்கு எல்சிஆர் மீட்டர் (வேண்டிய அதிர்வெண்ணில் மின்தடையை அளக்கிற மீட்டர்) போதும். செகண்டரியை ஷார்ட் செய்துவிட்டு ப்ரைமரியில், சீரீஸ் மின்தடை முறையில், முதலில் 1 கிலோஹெர்ட்ஸிலும் அப்புறம் 100 கிலோஹெர்ட்ஸிலும் பாருங்கள். செகண்டரி ஷார்ட்டாக இருப்பதால் கோரில் புலம் மிகக் குறைவு, ஆகவே 100 கிலோஹெர்ட்ஸில் தெரிவது பெரும்பாலும் இரண்டு வைண்டிங்கின் ஏசி மின்தடையும் சேர்ந்ததுதான். 1 கிலோஹெர்ட்ஸ் எண் இரண்டு வைண்டிங்கின் டிசி மின்தடையோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்த அதிர்வெண்ணில் மீட்டரை நம்பாமல் நாலு வயர் மில்லி ஓம் மீட்டரில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. 20-க்கு 2 சுற்று டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மின்தடை நூறு மடங்காகப் பெருகித் தெரியும். ஷார்ட் செய்கிற வயரில் 1 மில்லி ஓம் இருந்தால் ப்ரைமரியில் 100 மில்லி ஓமாகக் காட்டும், நாம் தேடுவதே 40 மில்லி ஓம். முதலைவாய் கிளிப் போட்டு ஷார்ட் செய்து அளந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பாபின் பின்னிலேயே ஒரு செம்புத் தகட்டுத் துண்டைப் பதித்து சால்டர் செய்யுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு வெப்பத்தை வைத்தே பார்க்கிற வழி இருக்கிறது. ப்ரைமரி லேயர்களுக்கு நடுவே ஒரு தெர்மோகப்பிளை (வெப்பத்தை அளக்கிற மெல்லிய கம்பி) செருகிச் சுற்றிவிடுங்கள். முதலில் லேப் சப்ளையிலிருந்து, ப்ரைமரியிலும் செகண்டரியிலும் அந்தந்த ஆர்எம்எஸ் அளவுக்கு டிசி மின்னோட்டத்தைவிட்டு, சூடு நிலைக்கும் வரை காத்திருந்து எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, லோடு இல்லாமல் கன்வர்ட்டரை ஓட்டுங்கள், அது பெரும்பாலும் கோர் சூடு. மூன்றாவது, முழு லோடில் ஓட்டுங்கள். மூன்றாவதிலிருந்து முதல் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது ஏசி கூடுதல், தோராயமாக. மூன்று சோதனையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடக்க வேண்டும். டிசம்பரில் ஓசூர் குளிரில் ஒன்றும், ஏப்ரலில் தருமபுரி வெயிலில் ஒன்றும் செய்து ஒப்பிட்டால் அந்த எண்களால் பயனில்லை. செம்பின் மின்தடையே டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுகிறது. கன்வர்ட்டர் ஓடும்போது தெர்மோகப்பிள் ப்ரைமரிக்குள்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், தெர்மோகப்பிளை மாட்டுகிற மீட்டர் பேட்டரியில் ஓடுகிற மீட்டராக இருக்கட்டும், கை படக் கூடாது.

சுற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டுமென்றால் எஃப்இஎம்எம் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். கோரின் குறுக்குவெட்டை வரைந்து, கம்பிகளை வைத்து, அதிர்வெண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்பியில் எவ்வளவு சூடு என்று நிறத்தில் காட்டும். கேப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பியின் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அங்கே கம்பி வைக்க மனசு வராது.

மிஞ்சிய ஏசி கூடுதல் டிசி சூட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நின்றால் வைண்டிங்கை விட்டுவிடுங்கள், அதற்குமேல் கம்பியில் செலவழிக்கிற காசு கோருக்கோ காற்றோட்டத்துக்கோ போகட்டும். டிசிக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால், புதுக் கம்பி வாங்கப் போவதற்கு முன் வைண்டிங்கைப் பிரித்து லேயர் வரிசையையும் அகலத்தையும் ஒரு முறை பாருங்கள்.